ஒரு உருளியால எட்டு மாசமா பேச்சு இல்ல. எத விடணும், எத விடக்கூடாது?

பரளியாறு
ஞாயிறு, இரவு 9:50

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சிட்டு இருந்தேன். இன்னைக்கு காலையில ஆராதனையில கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" வந்த இடத்துல எனக்கு வாய் எழும்பல, அதான் எழுதிட்டேன்.

நாங்க திருவட்டார் பக்கம், சிஎஸ்ஐ சபை. எனக்கு கூடப்பிறந்தது ஒரே ஒரு அண்ணன். எங்க வீட்டுலேர்ந்து நடந்தா பத்து நிமிஷம் தான் அவன் வீடு. எங்க அம்மைக்கு ஒரு வெங்கல உருளி உண்டு, ரெண்டு ஆளு பிடிச்சா தான் தூக்க முடியும், சக்கை காலத்துல, அதான் பலாப்பழ காலத்துல, அதுல தான் சக்கை வரட்டி கிண்டுவா, நானும் அண்ணனும் சின்னதுல மாறி மாறி துடுப்பு பிடிச்சு கை வலிச்சு அழுதிருக்கோம். அம்மை போனதுக்கு அப்புறம் அது அண்ணன் வீட்டுல இருக்கு, யாருக்கு எப்பம் தேவையோ எடுத்துக்கிடலாம்னு தான் பேச்சு.

போன வருஷம் கடைசியில மகளுக்கு திடப்படுத்தல் ஆராதனை, சபையில முழு அங்கமா சேக்கிற சடங்கு. வீட்டுல எழுபது பேருக்கு சாப்பாடு. பிரதமன் பாயசம் வைக்க உருளி கேட்டு மைனிக்கு, அதான் அண்ணன் பொண்டாட்டிக்கு, ஃபோன் பண்ணினேன், "அத ஒரு கல்யாண வீட்டுக்கு குடுத்திருக்கு"ன்னு சொன்னாவ. சரின்னு வாடகைக்கு அலுமினிய சருவம் எடுத்து காரியத்த முடிச்சோம். ரெண்டு நாள் கழிச்சு என் மகன் அங்க போயிட்டு வந்து சொல்லுகான், "மாமி வீட்டு அடுக்களையில உருளி கவுத்தி வச்சிருக்கு, எங்கயும் போகல, மேல ஒட்டடை பிடிச்சிருக்கு"ன்னு.

அன்னைக்கு நின்னது பேச்சு. எட்டு மாசம் ஆச்சு. ஒரே சர்ச்சுக்கு போறோம், திருவிருந்துக்கு முழங்கால் போடப் போகும்போது கூட நடுவுல ரெண்டு ஆள விட்டுட்டு தான் போறேன். அடுத்த மாசம் அம்மைக்கு ரெண்டாம் வருஷ நினைவு ஜெபம் வருது. அண்ணன் ஒதுங்கிட்டான்.

எனக்கே தெரியும் அது ஒரு பாத்திரம். ஆனா சின்ன விஷயம் விட்டுடு விட்டுடுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல எனக்கு கோபம் கூடுதே தவிர குறையல. கிறிஸ்தவங்க நாம எத சின்னதுன்னு விடணும், எத விடாம பேசணும், அத எப்படி கண்டுபிடிக்கிறது? யாராவது உள்ளபடி சொல்லுங்க.


ரப்பர்காடு
ஞாயிறு, இரவு 10:15

சகோதரி, கர்த்தர் சீக்கிரம் வரப்போறார், இந்த நேரத்துல உருளிக்கு சண்டையா. விட்டுடுங்க. நீங்களே போய் பேசிடுங்க. ஜெபிக்கிறேன்.


பரளியாறு
ஞாயிறு, இரவு 10:22

ஜெபத்துக்கு நன்றி அண்ணா. ஆனா இதத்தான் எல்லாரும் சொல்லுகாவ.


நாஞ்சில்வயல்
திங்கள், காலை 6:10

மக்களே, நான் ரிட்டயர்டு வாத்தியார், பூதப்பாண்டி பக்கம், இப்பமும் கொஞ்சம் வயல் உண்டு. காலையில தோப்புக்கு போறதுக்கு முன்ன இத வாசிச்சேன், உடனே எழுதணும்னு தோணிச்சு.

நீதிமொழிகள் 17:14 எடுத்துப் பாருங்க. "சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுகிறதுபோலிருக்கும், ஆதலால் விவாதம் எழும்புமுன் அதை விட்டுவிடு." பட்டணத்துல வளந்த பிள்ளைகளுக்கு இந்த வசனம் சும்மா ஒரு உவமை. வயக்காட்டுக்காரனுக்கு அப்படி இல்ல. பேச்சிப்பாறை அணை 1906ல கட்டி முடிச்சதுலேர்ந்து எங்க கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டு போக நெல்லும் அந்தத் தண்ணிய நம்பித்தான். தோவாளைச் சானல்ல தண்ணி விட்டாச்சுன்னா ராத்திரி மண்வெட்டியோட வரப்புல நின்னு காவல் இருந்தவன் நான். வரப்புல ஒரு நண்டு வளை இருக்கும், அதுல தண்ணி கசிய ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்தா ஒரு கை சேறு போதும், குனிஞ்சு அப்பிட்டு போயிரலாம். காலையில பாத்துக்கலாம்னு போய் படுத்தா விடியும்போது அந்த இடத்துல ஒரு ஆள் படுக்கலாம் போல உடைப்பு. அப்பம் சேறு நிக்காது. தென்னை மட்டை அடிக்கணும், சாக்குல மண் நிரப்பணும், பக்கத்து வயல்காரன் நாலு பேரைக் கூப்பிடணும். அவன் வயலுக்கும் நஷ்டம், அவன் கேக்கிற கேள்விக்கும் பதில் சொல்லணும்.

வேதம் சண்டை சின்னதுன்னு சொல்லலை, கேட்டியா. சண்டையோட ஆரம்பம் சின்னதுன்னு சொல்லுது. சின்னதா இருக்கிறதுனால தான் அது அபாயம். உங்க மகன் வந்து சொன்ன அன்னைக்கு சாயங்காலமே நீங்க நடந்து போய் "மைனி, உருளி இங்க தானே இருக்கு, ஏன் அப்படி சொன்னீங்க"ன்னு கேட்டிருந்தா அது ஒரு கை சேறு. இப்பம் எட்டு மாசம். இப்பம் விட்டுடுன்னா எத விடுறது, தண்ணி எல்லாம் வெளிய போயாச்சே. அதனால தான் உங்களுக்கு அந்த வார்த்தை கேட்டா கோபம் வருது. அந்தக் கோபத்துல தப்பு இல்ல.

ஒண்ணு கேக்கட்டுமா மக்களே. உருளி கேக்கிறதுக்கு முன்ன உங்களுக்கும் மைனிக்கும் எப்படி இருந்துது? கசிவு அங்க தான் ஆரம்பிச்சுதா, இல்ல அதுக்கு முன்னயா? இங்க சொல்லணும்னு இல்ல, நீங்க யோசிச்சா போதும்.


கடலோடி
திங்கள், மதியம் 2:40

எக்கா நான் தூத்தூர் பக்கத்து கடக்கரை, கத்தோலிக்க சபை. ஆழ்கடல் தொழில். இப்ப கரையில இருக்கேன், அதான் எழுத முடியுது, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க தொழில்ல பாருன்னு சொல்லுவோம், கடலுக்கு அடியில கல்லு கெடக்கிற இடம், அங்க மீன் கூடும். அந்த இடத்த ஜிபிஎஸ்ல பாயிண்ட் போட்டு வச்சிருப்போம், ஒவ்வொரு போட்டுக்காரனுக்கும் அவன் பாயிண்ட் தான் சொத்து, பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டான். என் சித்தப்பா மகன், எனக்கு தம்பி முறை, ஒண்ணா தொழில் படிச்சவங்க, நான் நம்பி குடுத்த ஒரு பாயிண்ட வேற போட்டுக்காரனுக்கு சொல்லிட்டான். அவங்க போய் வாரிட்டு வந்துட்டாங்க, நாங்க பத்து நாள் கழிச்சு போனா ஐஸ் காசு கூட வரல. இது உங்க ஆளுங்களுக்கு சின்னதா தெரியலாம், எங்களுக்கு அது ஒரு டிரிப்போட வருமானம், பத்து வீட்டு அடுப்பு. நான் அவன்கிட்ட பேச்ச நிறுத்தினேன். ஆறு மாசம். கோயில்ல சமாதானம் சொல்லுங்கன்னு சாமியார் சொல்லும்போது நான் திரும்பி மறுபக்கம் கை குடுப்பேன்.

2017 நவம்பர்ல அவன் வேற போட்டுல போனான். 29ஆம் தேதி ராத்திரி காத்து எடுத்துது, 30ஆம் தேதி ஒக்கி புயல். அதுக்கப்புறம் நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், எங்க வரிசையில இருக்கிற ஊர்ல ஆளு போகாத தெரு இல்ல. லட்சத்தீவுல கொஞ்ச பேர் ஏறியிருக்காங்க, மகாராஷ்டிரால போட்டு சேந்திருக்கு, குஜராத்ல சேந்திருக்குன்னு தினம் ஒரு செய்தி வரும், ஒவ்வொரு லிஸ்ட்லயும் அவன் பேர தேடுவோம். அவன் வரல. உடம்பும் கிடைக்கல.

இத நான் உங்கள பயமுறுத்த சொல்லல எக்கா. சாவு வரும் அதனால எல்லாத்தையும் மன்னின்னு சொல்றவங்க மேல எனக்கே எரிச்சல் வரும், ஏன்னா அவன் செஞ்சது தப்பு தான், இன்னைக்கும் தப்பு தான். நான் சொல்ல வந்தது வேற. அந்த ஆறு மாசத்துல நான் அவன திட்டணும்னு மனசுல எத்தனை தடவ பேசி பாத்திருக்கேன்னு கணக்கு கெடையாது, ஆனா ஒரு தடவ கூட வீட்டுக்கு போய் நேருக்கு நேர் திட்டல. திட்டியிருக்கலாம். சட்டைய பிடிச்சிருக்கலாம். சித்தி நடுவுல வந்து ரெண்டு பேரையும் அடிச்சிருப்பா, அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எனக்கு வருத்தம் சண்டை போட்டதுல இல்ல, சண்டைய போடாம மூடி வச்சதுல தான். இப்ப அந்த பாயிண்ட் என் மெஷின்ல இருக்கு. நான் அதுக்கு போறதில்ல.


பரளியாறு
திங்கள், இரவு 8:30

தம்பி, உங்களுக்கு என்ன சொல்லன்னு தெரியல. உங்க சித்திக்காக ஜெபிக்கிறேன். வாத்தியார் ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியும், இன்னைக்கு எழுத முடியல. நாளைக்கு எழுதறேன்.


ரப்பர்காடு
திங்கள், இரவு 9:45

நேத்து நான் அவசரமா எழுதிட்டேன், மன்னிக்கணும் சகோதரி. அந்த மீனவ சகோதரன் எழுதினத வாசிச்ச பிறகு நான் எழுதினது ரொம்ப லேசா போச்சுன்னு தோணிச்சு.

எங்க வீட்டு விஷயம் சொல்றேன். நான் பெந்தெகொஸ்து சபை, அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டு வேலை. எங்க அம்மா சாகும்வரை சிஎஸ்ஐ. என் தம்பி கட்டினது முளகுமூடு பக்கத்து கத்தோலிக்க பொண்ணு. ஒரு வீட்டுக்குள்ள மூணு சபை, நம்ம ஜில்லாவுல இது புதுசு இல்ல. நான் ரட்சிக்கப்பட்ட புதுசுல வீட்டுல நடந்த சண்டை சொல்லி முடியாது. நகை போடக்கூடாதுன்னு மனைவி கழுத்துல கெடந்தத கழட்ட சொன்னேன், அவ அப்பா வந்து திண்ணையில இருந்து அழுதாரு. டிசம்பர்ல தம்பி வாசல்ல ஸ்டார் கட்டினா, இதெல்லாம் வேதத்துல எங்க இருக்குன்னு கேட்டு அவுத்து போடுவேன். அவன் பிள்ளைகள் குடிலுக்கு புல்லு பறிச்சிட்டு வந்து நின்னு பாத்துட்டு இருக்கும். ஒரு வருஷம் அப்படி அவுத்தப்போ அவன் இளைய மக, அப்பம் அஞ்சு வயசு, "பெரியப்பாவுக்கு இயேசப்பா பிறந்தது பிடிக்கலையா"ன்னு எங்க அம்மாகிட்ட கேட்டிருக்கா. அம்மா என்கிட்ட சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

அதுக்கப்புறம் தான் ரோமர் 14 சரியா வாசிச்சேன். ஒருத்தன் ஒரு நாள விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒண்ணா எண்ணுறான், அவனவன் தன் மனசுல நிச்சயமா இருக்கட்டும்னு பவுல் சொல்றார். பவுலுக்கு இதுல ஒரு கருத்து இருந்திருக்கும், ஆனா அத வச்சு யாரையும் அடிக்கல. எனக்கு இன்னைக்கும் நகையில அதே நம்பிக்கை தான், நான் போடல, என் மனைவி இப்பம் அவளா போடறதில்ல, ஆனா தம்பி வீட்டு ஸ்டாருக்கு வயர் இழுத்து குடுக்கிறது நான் தான். ஏணியில ஏற அவனுக்கு பயம்.


வேளிமலை
செவ்வாய், காலை 11:20

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு ஒரு பெரிய உறுத்தல் இருக்கு, சொல்லாம இருக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க. நான் தக்கலை பக்கம், சிஎஸ்ஐ குடும்பம், காலேஜ் முடிச்சு இப்ப வேலைக்கு போறேன்.

சின்ன விஷயம்னு யார் யார்கிட்ட சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? எங்க சபையில அறுப்பின் பண்டிகை அன்னைக்கு ஏலம் எல்லாம் முடிஞ்சு விருந்து நடக்கும். பாத்திரம் கழுவறது முழுக்க பொம்பளைங்க, கடைசி பந்திக்கு உக்காரும்போது கறி இருக்காது. ஒரு வருஷம் நாங்க நாலு பொண்ணுங்க கமிட்டிகிட்ட போய், இந்த வருஷம் ஆம்பளைங்களும் கழுவட்டும், முதல் பந்தியில பொம்பளைங்க உக்காரட்டும்னு கேட்டோம். என்ன பதில் தெரியுமா, "ஆண்டவருக்கு செய்ற வேலையில இப்படி சின்ன சின்ன காரியம் எல்லாம் பாக்கலாமா". ஏத்தன் வாழைக்குலைய ரெண்டு குடும்பம் வீம்புக்கு ஏலம் கேட்டு ஒரு மணி நேரம் போனது அவங்களுக்கு சின்னதா தெரியல. எங்க பசி சின்னதா தெரிஞ்சுது.

நம்ம ஊர் சரித்திரமே இருக்கே. இந்த ஜில்லா தெக்கு திருவிதாங்கூரா இருந்த காலத்துல நம்ம பாட்டிகளுக்கு பாட்டிங்க மாருக்கு மேல துணி போட உரிமை கேட்டாங்க, தோள்சீலைப் போராட்டம்னு சொல்லுவாங்க. மிஷனரிங்க பெண்டாட்டிமார் குப்பாயம், அதான் ரவிக்கை மாதிரி ஒரு சட்டை, தச்சு குடுத்தாங்க. அதுக்காக சந்தையில வச்சு துணிய கிழிச்சாங்க, 1858, 59ல வீடும் ஜெபவீடும் எரிஞ்சுது, கடைசியில 1859 ஜூலை 26ல தான் உத்திரம் திருநாள் ராஜா உத்தரவு போட்டார், அதுவும் மேல்சாதிக்காரங்க மாதிரி உடுத்தக்கூடாதுங்கிற நிபந்தனையோட. வெளிய இருந்து பாக்கிறவனுக்கு ஒரு முழம் துணி. அந்த பாட்டிங்க அத சின்ன விஷயம்னு விட்டிருந்தா இன்னைக்கு நான் எப்படி நிமிந்து நடப்பேன்? அதனால சின்னதுன்னு சொல்றதுக்கு முன்னாடி யாருக்கு சின்னதுன்னு கேளுங்க. பரளியாறு அக்கா, உங்க கோபத்துல ஒரு நியாயம் இருந்தா அத யாரும் அமுக்க விடாதீங்க.


நாஞ்சில்வயல்
செவ்வாய், மதியம் 12:50

பிள்ள சொல்றது சரி. பாத்திரம் கழுவற விஷயத்துல நானும் ஒரு காலத்துல கமிட்டியில இருந்தவன், ஒரு தடவை கூட அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. இத இன்னைக்கு எழுதும்போது வெக்கமா இருக்கு.

ஆனா ஒண்ணு கேக்கறேன் மக்களே. தோள்சீலையும் உருளியும் ஒண்ணு ஆயிராது இல்லையா? தன் மானத்துக்காக வீம்பு பிடிக்கிற ஒவ்வொருத்தனும் நானும் நியாயத்துக்காக தான் நிக்கேன்னு தான் சொல்லுவான். ஏத்தன் குலை ஏலம் கேட்ட அந்த ரெண்டு குடும்பமும் அப்படித்தான் நினைச்சிருக்கும். ரெண்டையும் எப்படி பிரிக்க?


வடசேரிக்காரன்
செவ்வாய், மாலை 6:30

இந்தக் கேள்விக்கு எங்க பக்கத்துல ஒரு பழைய பதில் இருக்கு, அதனால உள்ள வரேன். நான் லுத்தரன். 1907லேர்ந்து நாகர்கோவில்ல எங்க மிஷன் இருக்கு.

எங்க சபையில அடியாபோரான்னு ஒரு வார்த்தை உண்டு, கிரேக்க வார்த்தை. தேவன் செய்யின்னும் சொல்லாத, செய்யாதேன்னும் சொல்லாத காரியங்கள். அங்கி போடறது, மெழுகுவத்தி, பண்டிகை நாள், பாட்டு முறை இப்படி. இதுல யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவனவன் சபை ஒழுங்குபடி செய்துக்கலாம். ரப்பர்காடு அண்ணன் வீட்டு ஸ்டார் நல்ல உதாரணம். ஆனா இதோட முடியல. 1548ல பேரரசர் அஞ்சாம் சார்லஸ், சீர்திருத்த சபைகள் மேல சில பழைய சடங்குகள கட்டாயமா திணிச்சார். சில பேர் அதெல்லாம் சின்னது தானே, இணங்கிடலாம்னாங்க. சில பேர் முடியாதுன்னாங்க. பெரிய பிளவு. 1577ல ஃபார்முலா ஆஃப் கன்கார்ட்னு எழுதினப்போ பத்தாம் பிரிவுல இதுக்கு தீர்ப்பு சொன்னாங்க. சாதாரண காலத்துல சின்னது சின்னது தான். ஆனா ஒருத்தன் அத வச்சு சுவிசேஷத்த நெரிக்கும்போது, நீ இத செஞ்சா தான் ஆச்சுன்னு மிரட்டும்போது, அதே காரியம் அதுக்கப்புறம் சின்னது இல்ல, அங்க இணங்கக் கூடாது.

பவுலே இப்படித்தான். கொரிந்தியருக்கு எழுதும்போது, நான் கறி தின்னா என் சகோதரனுக்கு இடறல்னா என்னைக்குமே திங்க மாட்டேங்கிறார். கறி அவருக்கு ஒண்ணுமில்ல. அதே பவுல் அந்தியோகியாவுல, பேதுரு புறஜாதிக்காரங்க, அதாவது யூதரல்லாதவங்க பந்தியிலேர்ந்து எழும்பி தள்ளி உக்காந்தப்போ முகமுகமாய் எதிர்த்தார்னு கலாத்தியர் 2ல இருக்கு. அதுவும் சாப்பாடு தான். ஒரு இடத்துல தன் தட்டுல இருக்கிறத விட்டுக் குடுத்தார். இன்னொரு இடத்துல அடுத்தவன பந்தியிலேர்ந்து தள்ளினத விடல. நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவு தான்: போறது என் தட்டுன்னா சின்னது, அடுத்தவன் இடம்னா சின்னது இல்ல. வேளிமலை சகோதரி சொன்ன ரெண்டும் இந்தப் பக்கம் வரும்.


வேளிமலை
செவ்வாய், இரவு 7:15

இது நல்லா இருக்கு அண்ணா. ஆனா ஒண்ணு சேத்துக்குங்க. அந்த "அடுத்தவன் இடம்"கிறதுல சில நேரம் நாமளே இருப்போம். பசிச்சது எனக்கும் தானே. நமக்கு நடந்த அநியாயத்த நாமளே சொல்லக்கூடாதுன்னா பின்ன யார் சொல்லுவா? பவுலே பிலிப்பி ஜெயில்ல, ரோமரான எங்கள அடிச்சுட்டு ரகசியமா வெளிய அனுப்பறீங்களா, அவங்களே வந்து கூட்டிட்டு போகட்டும்னு உக்காந்துக்கிட்டார்.


வடசேரிக்காரன்
செவ்வாய், இரவு 7:40

உண்மை. அது என் கணக்குல இல்ல. ஒத்துக்கறேன்.


பரளியாறு
செவ்வாய், இரவு 10:05

எல்லாத்தையும் ரெண்டு தடவ வாசிச்சேன். வாத்தியார் ஐயா கேட்டதுக்கு பதில் எழுதறேன்.

அம்மை கடைசி பதினாலு மாசம் கெடையில கெடந்தது எங்க வீட்டுல. பக்கவாதம். புரட்டி விட, துடைக்க, கஞ்சி குடுக்க எல்லாம் நான் தான், ராத்திரி ரெண்டு தடவ எழும்புவேன், மகளுக்கு பத்தாம் கிளாஸ் பரீட்சை நேரம் வேற. அண்ணன் வாரம் ஒரு தடவ வந்து பாத்துட்டு ரூபா குடுத்துட்டு போவான், குத்தம் சொல்லல, அவனுக்கும் தோட்டத்துல வேலை. மைனி மாசத்துல ஒரு தடவ வருவாவ.

அடக்க ஆராதனை அண்ணன் வீட்டு முற்றத்துல தான் நடந்துது, அது தான் முறை. கடைசியில குடும்பத்து சார்புல நன்றி சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு நன்றி, சபைக்கு நன்றி, பந்தல் போட்டவங்களுக்கு நன்றி, அம்மைய கடைசி வரை கண்ணும் கருத்துமா பாத்த மகனுக்கும் மருமகளுக்கும் நன்றி. என் பேர் வரல. நான் பெட்டிக்கு பக்கத்துல நிக்கேன். யாரும் வேணும்னு செய்யல, எழுதிக் குடுத்தவருக்கு தெரியாது, அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா மைனி பக்கத்துல தான் நின்னாவ. "இல்ல, நாத்தனார் தான் பாத்தா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் கேக்கல. கேட்டா சின்னப்புத்தின்னு சொல்லுவாவன்னு விட்டேன்.

விட்டேன்னு நினைச்சேன். விடல. ஒரு வருஷத்துக்கு மேல உள்ள வச்சுக்கிட்டு இருந்து, உருளின்னு ஒண்ணு கிடைச்ச உடனே அது மேல ஏத்தி வச்சுட்டேன். உருளின்னா வெளிய சொல்லலாம்ல. அந்த நன்றி விஷயத்த எப்படி வெளிய சொல்லுவேன்.


நாஞ்சில்வயல்
புதன், காலை 5:50

மக்களே, பதினாலு மாசம் ராத்திரி ரெண்டு தடவை எழும்பினது சின்ன விஷயம் இல்ல. அத யாராவது சின்னதுன்னு சொன்னா வாத்தியார் பிரம்போட வருவேன்னு சொல்லுங்க. உருளிய தனியா எடுத்து வைங்க. அது வேற, இது வேற. உருளிய போய் முடிங்க. இத அண்ணன்கிட்ட பேசுங்க, மைனிகிட்ட அப்புறம்.


கடலோடி
புதன், காலை 9:30

எக்கா போங்க. இன்னைக்கே.


ரப்பர்காடு
புதன், இரவு 8:00

பிலிப்பியர் 4ல எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பேர் வருவாங்க, சுவிசேஷ வேலையில பவுலோட சேந்து போராடினவங்க, அவங்களுக்குள்ள என்னவோ. ஒரே சிந்தையா இருங்கன்னு பவுல் கடிதத்துல பேர் சொல்லி கேக்கிறார். என்ன சண்டைன்னு எழுதல. சபையில வாசிக்கும்போது எல்லாரும் கேட்டிருப்பாங்க. இன்னைக்கு அந்த காரணம் யாருக்கும் தெரியாது, பேர் மட்டும் நிக்குது. காலையில பால் வெட்டும்போது இத நினைச்சேன். நீங்க போயிட்டு வந்தா சொல்லுங்க சகோதரி.


பரளியாறு
வெள்ளி, இரவு 9:15

நேத்து சாயங்காலம் போனேன்.

அண்ணன் தோட்டத்துலேர்ந்து வரல. மைனி வெளி அடுக்களையில சக்கை வெட்டிட்டு இருந்தாவ, கை முழுக்க சக்கைப் பிசின், எண்ணெய் தடவியிருந்தாவ. என்ன பாத்த உடனே எழும்பல, இருன்னும் சொல்லல. நான் பலகைய இழுத்துப் போட்டு உக்காந்து சுளை பறிக்க ஆரம்பிச்சேன். பேச்சு இல்ல. ஒரு கால் மணி நேரம் அப்படியே போச்சு. அப்புறம் நான் தான் கேட்டேன், "மைனி, அன்னைக்கு உருளி இங்க தானே இருந்துது, ஏன் அப்படி சொன்னீங்க"ன்னு. வாத்தியார் ஐயா எழுதின அதே வார்த்தை, எனக்கு வேற வரல.

அவிய எழும்பி உள்ள போய் உருளிய உருட்டிட்டு வந்து வெளிச்சத்துல காட்டினாவ. அடியில ஒரு தட்டு அளவுக்கு கரி பிடிச்சிருக்கு. "அதுக்கு முந்தின சக்கைக்கு நீ கொண்டு போயிட்டு இப்படி தான் குடுத்து விட்ட. அத்தை இருந்தப்போ முகம் பாக்கலாம் போல இருக்கும். நான் மூணு நாள் தேய்ச்சும் போகல. உன்கிட்ட கேக்க மனசு வரல, அம்மைய பாத்தவகிட்ட ஒரு பாத்திரத்துக்கு எப்படி கேப்பேன். ஆனா மறுபடி குடுக்கவும் மனசு வரல"ன்னாவ.

எனக்கு அது ஞாபகமே இல்ல. பிறகு யோசிச்சா ஞாபகம் வருது, அம்மை போயி முதல் வருஷம், நான் தனியா கிண்டினேன், துடுப்பு பிடிக்க ஆளில்லாம அடி பிடிச்சிட்டு. மகன்கிட்ட குடுத்து அனுப்பினேன், நான் கழுவி பாக்கவே இல்ல. மன்னிப்பு கேட்டேன். அவியளும் பொய் சொன்னது தப்பு தான்னு சொன்னாவ, என் முகத்த பாக்காம சக்கைய பாத்துக்கிட்டு சொன்னாவ. சாயா போட்டு தந்தாவ.

அந்த நன்றி விஷயம் பேசல. அம்மைய பாத்தவன்னு அவிய வாயிலேர்ந்து வந்துது, அது எனக்கு கொஞ்சம் போதும் போலவும் இருக்கு, போதாது போலவும் இருக்கு. அண்ணன்கிட்ட பேசணும். நினைவு ஜெபத்துக்கு முன்னயா பின்னயான்னு இன்னும் தெரியல. வேளிமலை தங்கச்சி, விட மாட்டேன், பேசுவேன்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் சேந்து சக்கை வரட்டி கிண்டலாம்னு இருக்கோம், ஜெபத்துக்கு வர்றவங்களுக்கு குடுக்க. அதுக்கு முன்ன உருளிய வெளுக்கணும். அந்த கரி போக யாருக்காவது வழி தெரியுமா? சபீனா, ஸ்டீல் நார் எல்லாம் மைனி போட்டு பாத்தாச்சு, கீறல் தான் விழுது.


ரப்பர்காடு
வெள்ளி, இரவு 9:40

தேவனுக்கு ஸ்தோத்திரம் சகோதரி. என் மனைவிகிட்ட கேட்டேன். ஸ்டீல் நார் போடவே கூடாதாம். ரெண்டு உருண்டை பழைய புளிய கரைச்சு உருளியில விட்டு ஒரு கை கல்லுப்பு போட்டு அடுப்புல வச்சு நல்லா கொதிக்க விடணும், இறக்கி ராத்திரி முழுக்க அப்படியே ஊற விடணும். காலையில அந்த புளிச்சக்கையோட விறகு சாம்பல சலிச்சு சேத்து தேங்கா நாரால தேய்ச்சா ஓரத்துலேர்ந்து அடர்ந்து வருமாம். ஒரே நாள்ல முழுசா போகாது, ரெண்டு மூணு தடவ செய்யணும்னு சொல்றா.


பரளியாறு
வெள்ளி, இரவு 9:52

மைனிக்கு இப்பம் ஃபோன் பண்ணி சொல்லிட்டேன். புளி அவிய வீட்டுல இருக்காம். சாம்பல் நான் கொண்டு போறேன்.